ஆரஞ்சுக் குழாய்

அந்தக் குழாயைக் கண்டால் அக்காவுக்குச் சிரிப்பு வரும். தங்கை முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கடலில் மூழ்கக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் நடந்த கூத்துதான் காரணம். சிலிண்டரிலிருந்து காற்று தரும் ரெகுலேட்டரைக் கவ்வுவதற்குப் பதிலாக, நீர்மட்டத்தில் முகம் கவிழ்ந்து மிதக்கும்போது மூச்சுவிட உதவும், கண்ணாடியோரம் தொங்கிய ஸ்நார்க்கெல் குழாயைக் கவ்விக்கொண்டு தங்கை நீச்சல் குளத்துக்குள் இறங்கிவிட்டாள். வாய்க்குள் இரண்டும் ஒரே மாதிரி ரப்பர்தான். முதல் மூச்சிலேயே குளம் நெஞ்சுக்குள் வந்தது. பயிற்சியாளர் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினார். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குப் பெயரே மாறிப்போனது.

“குழாயம்மா, சாப்பிட வா. குழாயம்மா, கதவைச் சாத்து.”

கடலுக்குப் போன அன்று, படகில் வைத்துத் தங்கை பயிற்சியாளரிடம் கேட்டாள். “சார், இதைக் கொண்டு போகணுமா, வேண்டாமா?”

“கொண்டு போறவங்களும் இருக்காங்க, தூக்கிப் போட்டவங்களும் இருக்காங்க. கீழே அது இடைஞ்சல். மேலே வந்தப்புறம்தான் அதுக்கு வேலை. உன் இஷ்டம்.”

அவள் தையல்காரி. வாடிக்கையாளர் ‘உன் இஷ்டம்போல தைச்சிடு’ என்று சொல்லிவிட்டுப் போனால் கத்திரி எடுக்கக் கை வராது. இங்கேயும் அதே கதைதான்.

“தூக்கிப் போடு அதை,” என்றாள் அக்கா. “விட்டா கடலுக்குள்ள அளவு டேப்பையும் எடுத்துட்டு வருவே.” அக்கா பேருந்து ஓட்டுகிறவள். பயம் என்பது பயணிகளுக்கு உரியது என்று நினைப்பவள்.

தங்கை குழாயைக் கண்ணாடியிலிருந்து கழற்றித் தொடைப் பைக்குள் செருகினாள். கொண்டு போனதாகவும் ஆயிற்று, போகாததாகவும் ஆயிற்று.

கீழே ஓர் ஆமை குறுக்கே போனது. அக்கா அதன் பின்னால் போனாள். தங்கை அக்காவின் பின்னால் போனாள். நங்கூரக் கயிறு எந்தப் பக்கம் என்பதே மறந்துபோன நேரத்தில், அக்கா திரும்பித் தன் கழுத்தைக் கையால் அறுத்துக் காட்டினாள். காற்று தீர்ந்துவிட்டது.

தங்கை தன்னிடமிருந்த உபரி ரெகுலேட்டரை நீட்டினாள். ஒரே சிலிண்டரை இருவரும் குடித்தபடி மெல்ல மேலே வந்தார்கள். மிச்சமிருந்த காற்று தங்கையின் மிதவைச் சட்டையை நிரப்பியதோடு தீர்ந்தது. அக்காவின் சட்டை தொளதொளவென்று கிடந்தது.

மேலே காற்று வேகம் பிடித்திருந்தது. படகு தீப்பெட்டி அளவில் தெரிந்தது. தங்கை விசிலை ஊதினாள். படகில் ஒரு கை உயர்ந்தது, பார்த்துவிட்டார்கள். ஆனால் மற்றவர்கள் இன்னும் கீழே இருந்தார்கள். அவர்கள் ஏறும்வரை படகு நகராது.

அலை முகத்தில் அறைந்தது. அக்கா கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு வானத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள். வாய்க்குள் கடல் போனது. இருமினாள். இன்னும் அகலமாகத் திறந்தாள். அடுத்த அலையில் தங்கையின் தோள்மீது ஏறினாள்.

பேருந்தையே வளைத்துத் திருப்பும் கைகள் அவை. தங்கை உள்ளே போனாள், வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போனாள். இதுவரை அவள் கடலுக்குத்தான் பயந்திருந்தாள். இப்போது அக்காவுக்குப் பயந்தாள். அந்தக் கண்களில் தன்னை யாரென்று தெரிந்த சுவடே இல்லை.

தொடைப் பைக்குள் கை போனது.

“அக்கா, இதைக் கவ்வு. கண்ணாடியை இறக்கி, முகத்தைத் தண்ணிக்குள்ள கவுத்துக்கோ.”

“தண்ணிக்குள்ளயா... முடியாது... செத்துருவேன்...”

“கவ்வுடி!”

அவள் வாழ்நாளில் அக்காவை ‘டி’ போட்டதில்லை. அதற்கே திகைத்துப்போய் அக்கா வாயை மூடினாள். தங்கை அவள் கண்ணாடியை இறக்கி, குழாயைப் பல்லிடுக்கில் திணித்து, தலையைக் கவிழ்த்தாள்.

அதன்பிறகு அக்காவின் முகம் தெரியவில்லை. தண்ணீருக்கு மேலே ஆரஞ்சு நிறக் குழாய் முனை மட்டும். அதிலிருந்து ஒரு சத்தம்.

புஸ்.

தங்கை அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அக்காவின் மிதவைச் சட்டையில் காற்றேற்றும் குழலை வாயில் வைத்து ஊதினாள். ஊதிவிட்டுக் காது கொடுத்தாள். புஸ். ஊதினாள். புஸ். படகிலேயே விட்டுவந்திருந்தால்? கண்ணாடியிலேயே மாட்டியிருந்தால்? அக்கா ஏறிய ஏற்றத்தில் அது எப்போதோ பிய்ந்து போயிருக்கும். எது சரி? தெரியவில்லை. ஊதினாள்.

ஒரு பெரிய அலை வந்து ஆரஞ்சு முனையை மூடியது. வடிந்தது. சத்தம் வரவில்லை.

“அக்கா?”

வெறும் காற்றின் இரைச்சல்.

“அக்கா!”

பழைய தண்ணீர்க் குழாய் செருமுவதுபோல் அது செருமியது. உப்புத் தண்ணீர் தங்கையின் முகத்தில் பீய்ச்சியடித்தது. புஸ்.

தங்கை வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே ஊதினாள்.

படகு வந்தபோது அக்காவின் சட்டை கல் போல இறுகியிருந்தது. மேலே இழுத்துப் போட்டார்கள். அக்கா குழாயை வாயிலிருந்து எடுத்தாள். ரப்பரில் பல் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது.

“யாரைடி ‘டி’ன்னு சொன்னே?” என்றாள், குரல் எழும்பாமல். பிறகு, “இந்தக் குழாய் எனக்கு. நீ வேற வாங்கிக்கோ.”

அக்காவின் தோள்பட்டியைப் பிடித்திருந்த தங்கையின் விரல்களைப் பயிற்சியாளர் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். படகின் எஞ்சின் இரைந்தது. அக்காவின் மார்பு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு எட்டவில்லை. தங்கைக்குத் தாங்கவில்லை.

“அக்கா, கொஞ்சம் சத்தமா மூச்சு விடேன்.”

அக்கா அவளைப் பார்த்தாள். கேலி எதுவும் பேசாமல் குழாயை மறுபடி வாயில் வைத்தாள்.

புஸ்.