புது வென்ரிக்

துறையில் வந்து நின்ற புது வென்ரிக் படகைப் பார்த்ததும் வெர்னாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அதே வெளிர்பச்சை, அதே நீண்ட மூக்கு, பக்கவாட்டில் அதே சாய்ந்த எழுத்தில் பெயர். வென்ரிக் பட்டறையை இழுத்து மூடி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பெயரை விலைக்கு வாங்கிய புதுக் கம்பெனி, எங்கோ கிடந்த ஒரு பழைய படகைத் தேடிப் பிடித்து, அதன்மேல் அச்செடுத்து, மறுபடி வார்த்து விற்கிறது. பெயரை வாங்கினால் பெருமையும் கூடவே வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு. படகுத் தொழிலில் கொஞ்சம் அதிகம்.

"அச்சு அசலா அதேதான்க்கா," என்றான் ரஸ்டி, விற்கிறவன். "கண்ணைக் கட்டி உக்கார வெச்சா உங்களாலயே வித்தியாசம் சொல்ல முடியாது."

"என்னைக் கேக்காத. அவருகிட்ட கேளு."

அவர் என்றது அவள் கணவர் ஹோலிஸை. இந்த ஃபோர்ட் பியர்ஸ் துறையில் நாற்பது வருடம் பழைய வென்ரிக்கில் வெளியூர்க்காரர்களை மீன் பிடிக்கக் கூட்டிப் போன மனிதர். போன புயலுக்கு முந்தின புயல் அந்தப் படகை உடைத்துச் சுள்ளியாக்கியது. அதற்குப் பிறகுதான் அவருக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. முதலில் சாவி, அப்புறம் கிழமை. போன கிறிஸ்துமஸ் அன்று சாப்பாட்டு மேஜையில் மனைவியை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீங்க அப்படியே என் வெர்னா மாதிரியே இருக்கீங்க அம்மணி. ஆனா அவ இல்ல," என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே மரியாதை. தண்ணீர் கொடுத்தால் நன்றி, கதவைத் திறந்தால் நன்றி. டாக்டர் இந்த வியாதிக்கு ஒரு பெயர் சொன்னார். வெர்னாவுக்குப் பெயர் வேண்டாம், ஒரு திட்டு வேண்டும். ஹோலிஸ் தன்னுடையவர்களை மட்டும்தான் திட்டுவார். காசு கொடுத்து ஏறுகிறவன் தூண்டிலையே கடலில் போட்டாலும் சிரிப்பார். வெர்னா கயிற்றைத் தப்பாகச் சுற்றினால் மட்டும் துறையே கேட்கும்படி வண்டி வண்டியாய் வசவு விழும். அந்த வசவு நின்றுபோனது அவளுக்குத் தாலியறுத்த மாதிரி இருந்தது.

"படகு வாங்கினா அப்பா திரும்பி வந்துருவாராம்மா?" என்று மகள் ஜோலீன் சண்டை போட்டாள்.

"படகுல ஏறினா வரலாமில்ல?" என்றாள் வெர்னா. அதற்காகத்தான் இன்றைக்கு இந்த வெள்ளோட்டம்.

சுக்கான் சக்கரத்தைப் பிடித்ததும் ஹோலிஸின் கைகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. முகத்துவாரத்தில் வெளியேறும் தண்ணீரும் உள்ளே வரும் அலையும் முட்டிக்கொள்ளும் இடத்தில் வேகத்தை எங்கே குறைக்க வேண்டும், எங்கே கூட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வெர்னாதான் சாமான் வாங்க வந்தவள் போல வித்தியாசம் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய படகு இந்த இடத்தில் தண்ணீரை வாரி முகத்தில் அறையும். இது தண்ணீரை நாசூக்காக இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டது. பழைய இன்ஜின் நீலப் புகை கக்கிக் கத்தும். இது பூனை மாதிரி உறுமியது. புது இன்ஜினின் கனத்தில் பின்பக்கம் தாழ்ந்து, நின்றால் வடிகால் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறிக் காலை நனைத்தது. பழைய மொந்தையில் புதுக் கள். நல்ல படகுதான், ஆனால் அது இல்லை. எனக்கே தெரிகிறதென்றால் இவருக்குத் தெரியாதா என்று நினைத்தாள்.

"எப்படி கேப்டன்?" என்றான் ரஸ்டி.

ஹோலிஸ் விளிம்பைத் தடவினார். "எம் படகுதான்டா இது. புயல்ல போச்சுன்னு எந்தப் பயலோ கதை கட்டிவிட்டிருக்கான். பாரு, ஒரு கீறல் இல்ல."

ரஸ்டிக்கு வாயெல்லாம் பல். வெர்னாவுக்கு ஓர் ஆசை பிறந்தது. இந்த அரைகுறையை அசல் என்று ஏற்றுக்கொண்ட மனிதர், உண்மையான அசலை ஏற்றுக்கொள்ள மாட்டாரா? போய் முன்னால் ஐஸ் பெட்டியின்மேல் உட்கார்ந்து அவரைப் பார்த்தாள்.

"ஹோலிஸ், நான் வெர்னா."

"உக்காருங்க அம்மணி. அது என் பொண்டாட்டி உக்கார்ற எடம். பரவால்ல, அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

வெர்னா பையைத் திறந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்தாள். யாரிடமும் சொல்லாமல் காலையில் போட்டு வந்தது. அந்தக் கரையில் மீன்பிடிப் படகில் வாழைப்பழம் ஏறினால் மீன் ஓடும், இன்ஜின் நிற்கும், அன்றைய பிழைப்பு நாசம். கல்யாணமான புதிதில் தெரியாமல் இரண்டு பழம் கொண்டுவந்துவிட்டாள். ஹோலிஸ் பழத்தையும் பையையும் கடலில் வீசிவிட்டு, கரை சேரும்வரை அவள் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் ஆயுசெல்லாம் சிரித்திருக்கிறார்கள்.

அவர் கண்ணெதிரே தோலை உரித்தாள்.

"ஐயையோ, அக்கா! படகுல வாழைப்பழமா? குடியைக் கெடுத்தீங்களே!" ரஸ்டி பிடுங்க வந்தான்.

"நீ சும்மா இரு ரஸ்டி."

ஹோலிஸ் வேகத்தைக் குறைத்தார். பழத்தைப் பார்த்தார். ஒரு புருவம் ஏறியது, திட்டுவதற்கு முன்னால் எப்போதும் ஏறுகிற மாதிரியே. வெர்னா பழத்தை இன்னும் அவர் பக்கம் நீட்டினாள்.

அவர் தொப்பியைக் கழற்றினார். "ஊருக்குப் புதுசு போல அம்மணி. தெரியாம செஞ்சிட்டீங்க, அதனால என்ன." அவள் மனம் நோகக் கூடாதே என்று பாதியை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார். "நல்ல பழம்."

"திட்டு ஹோலிஸ்," என்றாள் வெர்னா. குரல் உடைந்துவிட்டது. "ஒரே ஒரு தடவை. வாய்க்கு வந்தபடி திட்டு."

அவர் கூச்சத்தோடு ரஸ்டியைப் பார்த்தார். ரஸ்டி கடலைப் பார்த்தான்.

"அடுத்த வீட்டுப் பொம்பளைய நான் திட்டுறதில்லீங்க. அழாதீங்க. கரைக்குப் போனதும் வெர்னாகிட்ட சொல்றேன், உங்களுக்கு ஒரு காபி போட்டுத் தருவா."

படகைத் திருப்பினார். விருந்தாளிமேல் ஒரு துளி தெறிக்காதபடி, ஒவ்வொரு அலையாகப் பார்த்து மெதுவாக ஓட்டினார்.