மாமியின் பெட்டியில் வந்த இம்பாக்ட் டிறைவர்

“அப்ப றெஞ்சா, டிறைவரா? கெதியாச் சொல்லடா, மாமி லைனிலை நிக்கிறா!”

சயந்தன் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். திரையில் லண்டனிலிருந்து அவன் மாமி கமலாவதி. நல்லூர்த் தேருக்கு வருகிறார். பக்கத்தில் வாய் மூடாத பெட்டி.

“தம்பி, கிலோ முட்டிப்போச்சு. ஒண்டுதான் கொண்டு வரலாம்.”

நானும் சயந்தனும் பஞ்சலிங்கம் அண்ணையின் டயர்க் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தோம். தேர் முடிய ஒருவனைத்தான் வைத்திருப்பேன் என்று அண்ணை சொல்லிவிட்டார். சயந்தனின் வலது மணிக்கட்டு போன வருடம் மோட்டார் சைக்கிளால் விழுந்து முறிந்தது. இறுகிய நட்டைக் கையால் கழற்ற அவனால் ஏலாது. சரியான மெசின் வந்தால் என்னை வென்றுவிடுவான். இரண்டும் பற்றரியில் ஓடும் இம்பாக்ட் மெசின்கள்தான்; டிறைவர் இஸ்குறூ முறுக்க, றெஞ்ச் சில்லு நட்டுக் கழற்ற. எனக்கா தெரியாது? நாள் முழுக்க அந்த வீடியோக்களைத்தானே பார்க்கிறேன்!

“டிறைவர்,” என்றேன். “சின்னன், பாரமில்லை. உன்ரை கைக்கு அதுதான் தோது. முன்னுக்கு ஒரு துண்டு கொழுவினா நட்டும் கழட்டும்.”

“நீ சொன்னாச் சரி மச்சான்.”

மாமி வந்தார், தேரும் முடிந்தது. மறுநாள் காலை நீர்வேலி வாழைக்குலை லொறி ஒன்று காற்றுப்போய் வந்து நின்றது.

“சயந்தன், உன்ரை லண்டன் சாமானைக் காட்டு பாப்பம்,” என்றார் அண்ணை.

அவன் அதைச் சட்டையில் துடைத்து நட்டில் வைத்தான். டகடகவென்று கத்தியது. நட்டு அசையவில்லை. இன்னும் அழுத்தினான். கொழுவிய துண்டு முறிந்து லொறிக்கடியில் ஓடியது.

“தம்பி, உதாலை கோழிக்கூடு அடி!” லொறிக்காரர் சிரித்தார். அண்ணையும் சிரித்தார். எல்லோரையும்விடப் பலமாக நான் சிரித்தேன்.

சயந்தன் சில்லு ஸ்பானரை எடுத்து இடது கையால் தொங்கினான். வழுக்கி, முறிந்த கையின் மேலேயே விழுந்தான்.

“விடு, காணும். ஜெயசுதன், நீ கழட்டு,” என்றார் அண்ணை.

நான் ஸ்பானரில் ஏறிக் குதித்தேன். எட்டு நட்டும் கழன்றன.

போகும்போது சயந்தன் கேட்டான்: “உனக்கும் தெரியாமப் போச்சு, என்ன மச்சான்?”

“ஓமடா.”

“இனி எனக்கு உது ஏன்? நீயே வைச்சிரு.” டிறைவரை என் கையில் தந்துவிட்டுப் போனான். அருமையான சாமான், அதில் ஒரு குறையும் இல்லை.

வேலை எனக்குத்தான். முதல் சம்பளத்தில் றெஞ்ச் வாங்கப் போகிறேன். துண்டு கொழுவும் முனை அரை இஞ்சா, முக்கால் இஞ்சா? லொறிகளுக்கு முக்கால்தான் நல்லது என்று எனக்குப் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?