வெளியே ஒன்றரை அடி

பல்செட்காரர் தம் வீட்டு மேசையில் செய்து முடித்த விண்வண்டி வெளியே ஒன்றரை அடி நீளமும் உள்ளே இருபத்தோரடி நீளமும் இருந்தது. தெருவில் இதைப் பற்றிப் பெரிய பேச்சு எதுவும் எழவில்லை. அந்த வாரம் குழாயில் தண்ணீர் வேறு வரவில்லை.

அது பழைய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வந்த வண்டி. பெரிய கப்பலிலிருந்து எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு தெரியாத கிரகங்களில் போய் இறங்கும். வாங்கிவந்து ஒட்டுகிற மாதிரி அதற்கு எந்தக் கடையிலும் பெட்டி கிடையாது. எல்லாவற்றையும் அவரே வெட்டி, வளைத்து, ஒட்ட வேண்டியிருந்தது. உடம்புக்குப் பிளாஸ்டிக் தகடு, ஜன்னலுக்குப் பல்செட் வார்க்கும் நிறமில்லாத அக்ரிலிக், குழாய்களுக்கு எழுதித் தீர்ந்த ரீஃபில். பொத்தான் வரிசை, கூடவே இருந்த அவருடைய அக்காவின் காலி மாத்திரை அட்டை. பின்பக்கத்து எஞ்சின்கள் இரண்டும் அக்கா உறிஞ்சித் தீர்த்த மூச்சுமருந்துக் குப்பிகள். நூற்பாலை அக்காவுக்கு முப்பது வருடம் சம்பளத்தோடு பஞ்சையும் கொடுத்திருந்தது. சம்பளம் செலவாகிவிட்டது, பஞ்சு நெஞ்சிலேயே இருந்தது.

முதல் நாள் அவர் உப்புத்தாள் போட்டுத் தகட்டைத் தேய்த்ததும் அடுத்த அறையில் அக்காவுக்கு இருமல் பிடித்து உதடு நீலம் பாரித்தது. மூச்சு திரும்பியதும், “டேய், என்னைக் கொல்லணும்னா தலகாணியை வச்சு அமுக்கு. இப்படிப் பொடிப்பொடியாவா கொல்லுவே?” என்றாள். அதன் பிறகு அவர் ஒவ்வொரு தகட்டையும் தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்திவைத்தே தேய்த்தார். தூசி எழவில்லை, வேலையும் நகரவில்லை. கூரை மட்டுமே ஒரு மழைக்காலத்தைத் தின்றது. தொடரின் படம் மங்கலாக இருந்த இடங்களில், அதை ஒரு வாரம் விடாமல் பார்த்திருந்த அக்காவின் ஞாபகம்தான் அளவுகோல். கதவு மேலே போகாது, இரண்டாகப் பிரியும் என்றாள். “இருக்கை எட்டு. ஏழு போட்டா அந்தக் குண்டு சமையல்காரர் நின்னுக்கிட்டேவா போவாரு?” என்றாள். காற்று வரும் கம்பிவலை விஷயத்தில் மட்டும் அவள் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. கெட்ட காற்றுள்ள கிரகங்களிலிருந்து ஓடிவந்து ஏறுகிறவர்கள் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அந்த வலைக்குக் கீழே நின்று ஒரு மூச்சு இழுப்பார்கள். இழுத்தும் காட்டினாள். பாதியில் நின்றுவிட்டது. நெஞ்சு வைத்தியர் ஏற்கெனவே கையை விரித்திருந்தார். அந்தப் பாதி மூச்சு வண்டி முடியும்வரையாவது ஓடுமா என்பதுதான் பல்செட்காரரின் கவலை.

அந்தத் தொடரை எடுத்தவர்கள் ஒரு தப்புச் செய்திருந்தார்கள். வண்டியின் வெளிப்புறத்தை ஒரு படப்பிடிப்புக் கொட்டகையில் சின்னதாகவும், உள்ளறையை இன்னொரு கொட்டகையில் நடிகர்கள் நிமிர்ந்து நடக்கும்படி பெரியதாகவும் கட்டிவிட்டார்கள். அது இதற்குள் அடங்காது. இந்த வண்டியைச் செய்துபார்த்த எல்லோரும் உள்ளறையைச் சத்தமில்லாமல் சுருக்கியவர்களே. பல்செட்காரரின் நண்பர் கடிகாரம் பழுதுபார்ப்பவர், கறார் மனிதர், தெரு அவருக்கு மில்லிமீட்டர் என்று பேர் வைத்திருந்தது. அவரே சொன்னார்: “கூரையை மூடினப்புறம் எவன்யா அளக்கப்போறான்? தரையைக் கொஞ்சம் இறக்கிடு.”

“அக்கா பார்ப்பா,” என்றார் பல்செட்காரர். இரண்டு அளவையும் இருந்தபடியே வெட்டினார். ஒன்றுக்குள் ஒன்று எப்படிப் போகும் என்று யோசிக்க மறந்துபோய், பசை காய்வதற்குள் உள்ளறையை வைத்து அழுத்தினார். ஈறில் பல் உட்கார்வதுபோல் உட்கார்ந்துவிட்டது. கூரையையும் ஒட்டியாயிற்று. மறுநாள் ஒரு விளக்கைப் பொருத்தக் கதவு வழியாகக் கைவிட்டபோது, தோள்வரை போயும் எதிர்ச்சுவர் தட்டுப்படவில்லை.

அக்காவைக் கூப்பிட்டார். அவள் குனிந்தாள், குனிந்தவளுக்குத் தகுந்தாற்போல் கதவு அகன்றது. செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலிமேல் ஏறி, உள்ளே போனாள். பிறகு ஒரு மூச்சு கேட்டது, நீளமாக, முழுசாக, கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. பல்செட்காரர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். “மூணாவது இருக்கை ஒரு பக்கமாச் சாஞ்சிருக்குடா,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஆரம்பத்தில் சாப்பிட மட்டும் வெளியே வந்தாள். நாலு வாய் இறங்குவதற்குள் உதடு நிறம் மாறிவிடும். பிறகு தட்டை உள்ளேயே கொடுத்தார். நெஞ்சு வைத்தியர் வந்து, குழலை வண்டியின் பக்கச்சுவரில் வைத்துக் கேட்டு, மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. மூன்றாம் வருடம் ஒரு முற்பகலில் மூச்சுமருந்துக் குப்பிகள் இரண்டும் மெல்ல விசிலடிக்க ஆரம்பித்தன. போவதற்கென்று செய்த வண்டி அது. எதையும் விட்டுவைக்காமல் செய்தவர் அவர்தான்.

“ஏழு இருக்கை காலியாக் கிடக்கு. வர்றியாடா?”

“மூணு பேரு பல்லில்லாம உக்காந்திருக்காங்க அக்கா.”

“உனக்கு எப்பவும் ஊரான் வாய்தான். சரி, ஜன்னலைத் திற.”

திறந்தார். வண்டி மேசையைவிட்டு ஒரு சாண் எழும்பி, திரைச்சீலையில் படாமல் திரும்பி, மின்கம்பிகளுக்கு மேலாகப் போயிற்று. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தூசி வருகிறதே என்று ஜன்னலைச் சாத்தப் போனவர், சாத்தாமல் விட்டுவிட்டார்.

சாயங்காலம் பல்செட் வாங்க வந்தவர், அக்காவைக் காணோமே என்று கேட்டார். வண்டியேறிவிட்டாள் என்றார் பல்செட்காரர். வந்தவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, மேல்வரிசை வலப்பக்கம் கொஞ்சம் இடிக்கிறது என்று வாயைத் திறந்து காட்டினார்.