வில்லன் வாசித்த புரட்சி

மூன்றாம் அத்தியாயம் முடிந்தபோது காதுக்கு ஆலை முதலாளிகள் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. பாவம், எத்தனை பொறுப்பு அவர்களுக்கு! இந்தத் தொழிலாளிகள் சும்மா நச்சரிக்கிறார்களே என்றுகூடத் தோன்றியது. அப்புறம்தான் தூக்கிவாரிப்போட்டது. அவள் கேட்டுக்கொண்டிருந்தது, ஒரு காலத்தில் உலகத்தையே உலுக்கிய புரட்சித் தத்துவ நூல்.

காது என்பது அவளுடைய பட்டப்பெயர். ஒலிநூல் பதிவுக்கூடத்தில் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாசிப்பவர் எங்கே சொல்லை விழுங்கினார், எங்கே அவர் வயிறு கடமுடா என்றது என்று கேட்டுப் பிடிப்பது அவள் வேலை. இந்தப் புத்தகத்தை வாசித்தவர் அவளுடைய சொந்தச் சித்தப்பா. தொலைக்காட்சித் தொடர்களில் வில்லன்களுக்குக் குரல் கொடுத்தே தலை நரைத்தவர். அவர் தொண்டையைச் செருமினால் போதும், கதாநாயகி மயங்கி விழுவாள். வெளியிலோ பரம சாது. பக்கத்து வீட்டுக்காரர் இவர் வாசலில் வண்டியை நிறுத்தினால், இவர் தன் வண்டியைத் தெருக்கோடியில் விட்டுவிட்டு நடந்து வருவார்.

இப்போதெல்லாம் தொடர்களுக்கு இளசான குரல்தான் வேண்டுமாம்; சித்தப்பாவை யாரும் கூப்பிடுவதில்லை. காதுதான் பதிவுக்கூடத்து முதலாளியிடம் மன்றாடி இந்தப் புத்தகத்தை வாசிக்கும் வேலையை அவருக்கு வாங்கித் தந்தாள். இதையும் கோட்டை விட்டால் அவர் இனி வீட்டுக் கண்ணாடியைத்தான் மிரட்ட வேண்டும்.

கோட்டை விடுகிற மாதிரிதான் இருந்தது. அந்த நூலாசிரியர் எதிராளியின் வாதத்தை முதலில் முழுசாகச் சொல்லிவிட்டு, பிறகு அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றுகிற ஆள். சித்தப்பா எதிராளி பேசும் இடங்களில் பிய்த்து உதறியிருந்தார். பதில் வரும் இடங்களில் குரல் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது.

பதிப்பகத்து அம்மா அன்று காலையே வந்து கேட்டுவிட்டார்.

"புத்தகத்தைப் படிச்சா ரத்தம் சூடாகுது. இதைக் கேட்டா நாமளே ஒரு ஆலை தொடங்கலாமான்னு தோணுது" என்றார். "மத்தியானம் வரைக்கும் பாக்கறேன். சரியா வரலேன்னா அந்தச் செய்தி வாசிக்கிற பையனையே போட்டுக்கலாம்."

காது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பதிவறைக்குள் போனாள். சித்தப்பா வெந்நீர்க் குவளையோடு உட்கார்ந்திருந்தார். அவள் பதில் வரும் பகுதிகளை மட்டும் ஒட்டிப் போட்டுக் காட்டினாள்.

"யாரும்மா இவன்?" என்றார் சித்தப்பா முகத்தைச் சுளித்து. "லீவு கேக்கறானா?"

"நீங்கதான் சித்தப்பா. புரட்சி பண்றீங்க."

அவர் காதொலிப்பானைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நல்லவன்னா பொறுமையாத்தானே பேசுவான்? இத்தனை வருஷமா அப்படித்தானே பாத்தேன். நான் கத்துவேன், எதிர்ல இருக்கறவன் அழுவான். ஜெயிக்கற வசனம் எனக்கு யாரும் குடுத்ததே இல்லம்மா."

காது கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். அங்கே கூடத்து முதலாளி வாட்ச்மேனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நெஞ்சில் கை வைத்து, தலையைச் சாய்த்து, முகமெல்லாம் சிரிப்பு.

"சித்தப்பா, அங்க பாருங்க. அவர் பேசறது கேக்குதா?"

"இந்த அறைக்குள்ள எப்படிக் கேக்கும்?"

"வாட்ச்மேனைப் பாருங்க."

வாட்ச்மேன் வீட்டுக்குப் போகச் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியிருந்தார். முதலாளி பேசப் பேச, தலையாட்டிக்கொண்டே பையைத் திரும்ப ஆணியில் மாட்டினார். முதலாளி அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"அவர் ஒருநாளாவது யாரையாவது அதட்டிப் பாத்திருக்கீங்களா?" என்றாள் காது.

சித்தப்பா ஆணியில் தொங்கிய பையையே பார்த்தார். பிறகு காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, "போடும்மா" என்றார்.

இந்தத் தடவை எதிராளி வந்த விதமே வேறு. தேன் தடவிய குரல். 'நாங்கள் இல்லாவிட்டால் உங்களுக்கு வேலை கொடுப்பது யார்?' என்று அவ்வளவு கரிசனமாகக் கேட்டது. அங்கே ஒரு மூச்சு விட்டார் சித்தப்பா. அடுத்து, கதாநாயகிகளை மயங்கி விழவைத்த அந்தக் குரல் பதிலைத் தூக்கிக்கொண்டு வந்தது. 'எங்கள் கைகள் இல்லாவிட்டால் உங்கள் ஆலையில் ஓடுவது எது?'

காதுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வயிறு கடமுடா என்றதைக் குறித்துக்கொள்ளக்கூட மறந்துபோனாள். அது அவளுடைய வயிறாகவும் இருக்கலாம்.

மத்தியானம் பதிப்பகத்து அம்மா பத்து நிமிடம் கண்ணை மூடிக் கேட்டார். திறந்தபோது முதலாளியிடம், "ஏன் சார், காலையில இந்த மனுஷன் எங்க போயிருந்தார்?" என்றார். புத்தகம் முழுவதும் சித்தப்பாவுக்குத்தான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். சித்தப்பா சின்னக் குழந்தை போலச் சிரித்தார்.

அந்த அம்மாவை வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்த முதலாளி, நெஞ்சில் கை வைத்துத் தலையைச் சாய்த்தார்.

"அண்ணே, பிரமாதம். சீக்கிரம் முடிச்சா எல்லாருக்கும் நல்லது. நாளைக்கு ஞாயித்துக்கிழமைதான், வேற என்ன வேலை இருக்கப்போகுது? நீங்களும் நம்ம காதும் வந்துடுங்க. இனி வர ஞாயிறும் அப்படியே பாத்துக்கலாம். நாமெல்லாம் ஒரே குடும்பம்தானே?"

காதுக்குப் பகீரென்றது. சித்தப்பாவின் தலை வழக்கம்போல மேலும் கீழும் ஆட ஆரம்பித்திருந்தது. ஆடட்டும், கிடைத்த வேலை கையை விட்டுப் போகாமல் இருந்தால் சரி என்று அவளே நினைத்தாள். தலை பாதியில் நின்றது.

"வர முடியாதுங்க" என்றார் சித்தப்பா. சொன்ன குரலில் நடுக்கம் இருந்தது. கடைசி எழுத்து சரியாகக் கேட்கவில்லை.

முதலாளி சிரிப்பு மாறாமல், "என்னண்ணே?" என்றார்.

பதிவறையில் யாராவது என்ன என்று கேட்டால் இன்னொரு தடவை சரியாகச் சொல்லியே பழகியவர் சித்தப்பா. ஒரு மடக்கு வெந்நீர் குடித்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு எழுத்தும் விழுங்காமல் சொன்னார்.

"வர முடியாதுங்க. அவளும் வரமாட்டா."