இரட்டை முடிச்சு

ரத்தினவேல் முதன்முதலாகக் குதிரையைக் கிட்டத்தில் பார்த்தபோது அதன் கண்ணையோ பிடரியையோ பார்க்கவில்லை. நேராகக் குளம்பைப் பார்த்தார். நானூறு கிலோ எடை, நாலு குளம்பு, அதனடியில் இரும்பு லாடம். அதற்கு ஒரு சாண் தள்ளி, கான்வாஸ் ஷூ போட்ட அவருடைய ஒரே மகள் வைஷ்ணவியின் பாதம். அன்றைக்கு மதியம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பயப்பட அவருக்குக் காரணம் இருந்தது. துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறார். எட்டு வருஷத்துக்கு முன்னால் மாதவன் என்ற கூட்டாளி ஒருநாள் செருப்புக் காலோடு உள்ளே வந்துவிட்டான். கிரேனிலிருந்து நழுவிய தகடு அவன் பாதத்தில் விழுந்தது. தூக்கிக்கொண்டு ஓடியவர் ரத்தினவேல்தான். மூன்று விரல் போயிற்று. அதற்குப் பிறகு வாசலில் நின்று ஒவ்வொருவர் காலையும் சோதித்து உள்ளே விடுகிற பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். முனையில் இரும்பு வைத்த சேஃப்டி ஷூ, அடியில் டிராக்டர் டயர் மாதிரி கட்டை கட்டையாக ரப்பர், கணுக்கால்வரை இறுக்கிய லேஸ், அதற்கு இரட்டை முடிச்சு. இது இல்லாமல் முதலாளியே வந்தாலும் வெளியேதான். "ரத்தினவேலு மனுஷன் மூஞ்சியப் பாத்துப் பேசி எத்தனை வருஷமாச்சு" என்று பட்டறையில் கிண்டல் செய்வார்கள்.

அப்பேர்ப்பட்டவரின் மகளுக்குத்தானா குதிரையேறும் ஆசை வர வேண்டும்? பதினாலு வயது, பிடித்தால் பிடித்த பிடி. மனைவி பூரணியும் மகள் பக்கம் சேர்ந்துகொண்டாள். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையோரம் பானு என்ற பெண்மணி நடத்தும் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தாயிற்று. முதல் நாள் குதிரையைத் தடவிக்கொடுப்பதோடு சரி. கிளம்பும்போது பானு தெளிவாகச் சொல்லி அனுப்பினார்.

"துப்பட்டா வேணாம் சார், தொளதொளன்னு எதுவும் வேணாம். காலோட ஒட்டின பேன்ட். கொலுசு, வளையல், தொங்கட்டான் எல்லாம் கழட்டிடணும். ஷூவ மட்டும் பாத்து வாங்குங்க. அடிப்பக்கம் வழவழன்னு இருக்கணும், பின்னாடி ஒரு இஞ்ச் குதிகால் இருக்கணும்."

மலைக்கோட்டை அடிவாரத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, சொன்னது சொன்னபடி ஒரு ஜோடி வாங்கி வந்தாள் பூரணி. ரத்தினவேல் அதைத் திருப்பி அடியில் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். வழுக்கியது. வழுக்குகிற அடி, உயர்ந்த குதிகால். பட்டறை வாசலில் இந்த இரண்டுக்காகத்தான் அவர் ஆளைத் திருப்பி அனுப்புவார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவர் கண்ணுக்கு அந்த ஷூ மகள் காலைப் பறிக்க வந்ததாகவே தெரிந்தது. அந்தம்மாவுக்குக் குதிரையைத் தெரியலாம், காலைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் பட்டறை ஸ்டோரில் சொல்லி, இருப்பதிலேயே சின்ன சைஸில் புது சேஃப்டி ஷூ ஒரு ஜோடி வாங்கி வந்து பீரோவுக்குப் பின்னால் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூரணி லால்குடியில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். வசதியாகப் போயிற்று. மகளை நாற்காலியில் உட்காரவைத்து, கீழே குந்தி, சேஃப்டி ஷூவைத் தானே மாட்டிவிட்டார்.

"மேடம் இது மாதிரி சொல்லலையேப்பா. கணுக்கால் வலிக்குது."

"வலிச்சாத்தான் பிடிமானம். கால் அசையாது. பேசாம இரு."

லேஸை இன்னும் ஒரு சுற்று இழுத்து இரட்டை முடிச்சு போட்டார். அந்த வாரத்தில் அன்றைக்குத்தான் அவருக்கு மூச்சு சீராக வந்தது.

கொள்ளிடக் கரையில் பானு மறுகோடியில் இன்னொரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வைஷ்ணவிக்கு ஹெல்மெட் மாட்டி, பழுப்பு நிறப் பெண்குதிரை மேல் ஏற்றியவர் முஜிபுர் ரஹ்மான், அங்கே குதிரைகளைப் பார்த்துக்கொள்பவர். சேணத்திலிருந்து தொங்கும் இரும்பு வளையத்தில், அதுதான் கால் வைக்கிற அங்கவடி, அவளுடைய இடது ஷூவை நுழைத்தார். அது நுழையவில்லை. அழுத்தித் தள்ள வேண்டியிருந்தது. அவர் முகம் மாறியது.

"சார், இது உள்ள பிடிச்சுக்கும். மேடத்த ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

"வேணாம் பாய். மேடத்துகிட்ட நான் பேசிட்டேன்."

பேசவில்லை. பச்சைப் பொய். முஜிபுர் ஒரு கணம் தயங்கிவிட்டு, குதிரையின் கயிற்றைப் பிடித்து மெல்ல நடத்திப் போனார்.

ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்றும் வந்தது. ரத்தினவேலின் கண் குளம்பை விட்டு அகலவில்லை. ஒவ்வொரு முறை அது மணலில் பதியும்போதும் அவர் வயிற்றில் பதிந்தது. ஷூ இருக்கிறது, ஷூ இருக்கிறது என்று மந்திரம் போலச் சொல்லிக்கொண்டார்.

மூன்றாவது சுற்றில், கரைமேல் சாலையில் சவ ஊர்வலம் ஒன்று வந்தது. யாரோ சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள்.

குதிரை துள்ளியது. முஜிபுரின் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு கயிறு உருவிப் போயிற்று. வைஷ்ணவி இடப்பக்கமாகச் சரிந்து விழுந்தாள். உடம்பெல்லாம் மணலுக்கு வந்தது, இடது கால் மட்டும் வரவில்லை. அது அங்கவடியில் மாட்டி மேலேயே நின்றது. குதிரை ஓடியது. அவளை இழுத்துக்கொண்டு ஓடியது.

ரத்தினவேல் அலறிக்கொண்டு பின்னால் ஓடினார். வழவழப்பான அடி எதற்கு என்று அப்போது புரிந்தது. விழும்போது கால் வழுக்கி வெளியே வந்துவிடத்தான். குதிகால் எதற்கு என்றும் புரிந்தது. பாதம் வளையத்துக்குள் மேலும் புகுந்துவிடாமல் தடுக்கத்தான். அவர் போட்டுவிட்ட கட்டை ரப்பரோ இரும்பைக் கவ்விக்கொண்டு விடவில்லை. பின்னங்குளம்பு அவள் தலைக்கு அரை அடி தள்ளி விழுந்து விழுந்து எழுந்தது. முடிச்சு அவிழ்ந்தால் பிழைப்பாள். ஆனால் எட்டு வருஷத்தில் அவர் போட்ட முடிச்சு எதுவும் அவிழ்ந்ததில்லை.

"ரெங்கநாதா! என் புள்ளைய விட்டுடுப்பா!"

இருபதடி போயிருக்கும். சட்டென்று வைஷ்ணவி மணலில் தனியாகக் கிடந்தாள். குதிரை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பானு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். "அசையாதம்மா. கழுத்து வலிக்குதா? கைவிரல மடக்கு." வைஷ்ணவி மடக்கினாள். முழங்கை தோல் உரிந்திருந்தது, ஹெல்மெட்டில் நீளமாக ஒரு கீறல், வாயெல்லாம் மணல். இடது காலில் வெறும் சாக்ஸ்.

முஜிபுர் குதிரையைப் பிடித்து வந்தார். அங்கவடியில் அந்த ஷூ இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பானு அதைப் பார்த்தார். அவர் முகம் வெளிறியது.

"இந்த ஷூவோட யாரு ஏத்தினது? பாய், நீங்க பாக்கலையா?"

முஜிபுர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பிடிச்சுக்கும்னு அவரு சொன்னாரு மேடம்" என்றார் ரத்தினவேல். "நான்தான் உங்ககிட்ட பேசிட்டேன்னு பொய் சொன்னேன்."

குதிரையருகே போய் ஷூவைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். அப்போதும் வரவில்லை. குதிரைதான் மிரண்டு நகர்ந்தது. அப்போதுதான் கவனித்தார், லேஸ் இரண்டு பக்கமும் அவிழ்ந்து தொங்கியது. முடிச்சைக் காணோம்.

திரும்பினார். அவர் முகத்தைப் பார்த்ததும் வைஷ்ணவி அழ ஆரம்பித்தாள். விழுந்ததற்குக்கூட அவள் அழுதிருக்கவில்லை.

"திட்டாதீங்கப்பா. ரொம்ப வலிச்சுது. நீங்க வண்டிய நிறுத்தப் போனப்ப நான்தான் முடிச்ச அவுத்து லூஸாக்கிட்டேன். இனிமே நீங்க சொன்னபடி கேக்கறேன்ப்பா."

ரத்தினவேல் மணலில் உட்கார்ந்து அவள் காலை மடியில் எடுத்து வைத்து, சாக்ஸைக் கழற்றினார். ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். நம்பிக்கை வராமல் இன்னொரு தரம் எண்ணினார்.