ஆழ்ந்த பணிவுடன்

எங்கள் அப்பா தெங்கான், எங்கள் ஊரான நாந்தோமின் வானொலியில் மாலைதோறும் மரண அறிவிப்பு வாசிப்பவர். தகாரே மொழியை ஒழுங்காகப் பேசுபவர்கள் நாந்தோம்காரர்கள் மட்டுமே என்பது அவர் கட்சி. பக்கத்து ஊர் ஜிராபாக்காரன் அதைப் பேசினால், வாயில் சுடுகூழை வைத்துக்கொண்டு பேசுவது போலிருக்குமாம். என் தங்கை யூலாலியா காதலித்ததோ ஜிராபா சியெமை.

"எங்க பேச்சு வராதவனுக்குப் பொண்ணு கிடையாது" என்று அப்பா சொல்லிவிட்டார்.

"அவ்வளவுதானே? தினமும் ரேடியோவுல எங்கப்பாவைக் கேட்டுக் கத்துக்கோ" என்று சியெமிடம் சொன்னாள் தங்கை. சியெம் மழைக்காலம் முழுக்கக் கேட்டான்.

மழை ஓய்ந்ததும் தன் மாமாவோடு, சேவலும் கோலாக்கொட்டையுமாகப் பெண் கேட்க வந்தான். முறைப்படி மாமாதான் பேச வேண்டும். அவர் வாயைத் திறப்பதற்குள் அப்பா தடுத்துவிட்டார்.

"நீங்க சோள பீரைக் குடிங்க. பையன் பேசட்டும்."

சியெம் எழுந்து தொண்டையைச் செருமினான். அசல் நாந்தோம் உச்சரிப்பு, ஒரு பிசிறில்லை. ஆனால் குரல் கனத்து இழுத்தது. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு பெருமூச்சு.

"ஜிராபா சியெம் குடும்பத்தார்... தெங்கான் வீட்டாருக்கும்... உற்றார் உறவினருக்கும்... ஆழ்ந்த பணிவுடன் தெரிவிப்பது... தங்கள் அருமை மகள் யூலாலியாவை..."

மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு பெர்பெத்துவா அக்கா தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ யூலாலியா! காலையிலகூடத் தண்ணி எடுத்தாளே!"

"அக்கா, இங்கதான் இருக்கேன்."

"செத்தவ குறுக்கே பேசாதடி!"

அப்பாவின் முகம் சிவந்தது. "என் வீட்டுக்கே வந்து என்னையே நக்கல் பண்றியாடா?"

"இல்லீங்கய்யா! எனக்குத் தெரிஞ்ச நாந்தோம் பேச்சு இது ஒண்ணுதான்!" பயத்தில் சியெமுக்கு ஜிராபா பேச்சே வந்துவிட்டது, கூழும் சூடுமாக.

அம்மா வெடித்துச் சிரித்தாள். "நீங்க வீட்டுல உப்பு கேக்குறதும் இந்தக் குரல்லதான். பையன் என்ன பண்ணுவான்?"

அப்பா அவனையே உற்றுப் பார்த்தார்.

"ஒரு தப்பு பண்ணிட்டே" என்றார் கடைசியில். "அடக்கம் எப்போன்னு சொல்லாம அறிவிப்பை முடிக்கவே கூடாது."

"அதை நீங்களே சொல்லிடுங்க" என்றாள் அம்மா.

அப்பா செருமினார். வானொலிக் குரல் வந்தது.

"யூலாலியாவின் திருமணம்... ஈஸ்டர் முடிந்த முதல் சனிக்கிழமை... நம் இல்லத்தில்..."

பெர்பெத்துவா அக்கா மறுபடியும் அழ ஆரம்பித்தாள்.