மெத்தைக் கம்பெனித் தொப்பி

விடிவதற்கு முன்பே எழுந்தான். மோட்டல் அறையிலிருந்த இயந்திரத்தில் காபி போட்டுக் குடித்தான். இரண்டு முட்டைகளை உடைத்து ஊற்றி மைக்ரோவேவில் வேகவைத்துக் காகிதத் தட்டில் வைத்துத் தின்றான். பிறகு அந்தத் தட்டைக் குளியலறைக் குழாயடியில் கழுவினான். காகிதக் கோப்பையையும் கழுவினான். இரண்டும் ஊறித் தொய்ந்ததும் குப்பையில் போட்டான். சட்டையை மாட்டினான். கடைசியில் தொப்பி.

தொப்பியின் நெற்றியில் ஒரு மெத்தைக் கம்பெனியின் பெயர். பக்கவாட்டில், சின்ன எழுத்தில், இறந்துபோன அவன் மனைவி மார்னியின் கடைசி வார்த்தைகள்: ‘எழுந்திரு. ஜெயிச்சுட்டு வா.’

மார்னி அப்படிச் சொல்லவே இல்லை.

டுவைட் ஹாகன் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்காரன். கல்லூரி அணியில் ஆடி, பொருளாதாரத்தில் ஒரு பட்டமும் வாங்கி, தொழில்முறை கோல்ஃபுக்கு வந்தவன். வந்ததிலிருந்து ஒரு கோப்பையும் வென்றதில்லை. டிவியில் அவன் முகம் தெரிந்ததெல்லாம், பெரிய ஆட்டக்காரர் யாராவது அடித்த பந்து அவன் நிற்கிற பக்கம் வந்து விழுந்தபோதுதான். பிப்ரவரியில் மார்னி இறந்தாள். மார்ச்சில் நாட்டுக்கே அவனைத் தெரிந்துவிட்டது.

அதைச் செய்தவன் அவனுடைய ஏஜென்ட் கர்ட். அடக்கம் முடிந்து, தேவாலயக் கூடத்தில் எல்லோரும் ஹாம் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“கடைசியா என்ன சொன்னா, கண்ணா?”

டுவைட் பதில் சொல்லவில்லை.

“ஜெயிச்சுட்டு வான்னு சொல்லியிருப்பா. அவ அப்படிப்பட்டவதான்.”

டுவைட் சாண்ட்விச்சை ஒரு கடி கடித்தான். கர்ட் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான். ‘எழுந்திரு’ என்பதை முன்னால் சேர்த்தது மெத்தைக் கம்பெனி. டிவிக்காரர்கள் அவனை ஓர் ஏரிக்கரையில் நிறுத்திப் படம் பிடித்தார்கள். “சோகமாப் பாருங்க, ஆனா நம்பிக்கையோட” என்றார் இயக்குநர். டுவைட் ஏரியைப் பார்த்தான். ஏரியில் ஒரு வாத்து இருந்தது. “பிரமாதம்!” என்றார் இயக்குநர்.

இன்று ஞாயிறு. பக்கத்து மாநிலமான இலினாயில், அதே கம்பெனி நடத்தும் போட்டியின் கடைசி நாள். முதல் பத்து இடங்களுக்குள் முடித்தால் டூர் கார்டு தங்கும். அடுத்த வருடமும் பெரிய போட்டிகளில் ஆடலாம். தவறினால் சொந்த மாநிலத்து டெமாயின் நகரில் அண்ணனின் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் ஒரு நாற்காலி காத்திருந்தது. பதினெட்டில் பதினாறு குழிகள் முடிந்தபோது டுவைட் பத்தாவது இடத்தில் இருந்தான்.

பதினேழாவதில் அவன் பந்து புல்வெளியைத் தாண்டி மேப்பிள் மரத்தடிச் சருகுகளில் போய் நின்றது. கேமராக்கள் எல்லாம் முன்னணி ஆட்டக்காரன் பின்னால் போயிருந்தன. டுவைட் குனிந்து, பந்தை ஒட்டிக் கிடந்த ஒரு சருகை எடுத்தான். நிமிர்ந்து அப்படியே நின்றான்.

“என்னப்பா, சிலை மாதிரி நிக்கிற?” என்றான் பை தூக்கும் லேமார்.

“நகர்ந்துடுச்சு.”

“எது?”

“பந்து. சருகை எடுத்தேன். நகர்ந்துடுச்சு.”

“காத்தா இருக்கும்.”

“காத்து இல்ல.”

லேமார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “நான் பார்க்கல. கேமரா பார்க்கல. அந்தா, அந்த அணில் வேணா பார்த்திருக்கும். அது யார்கிட்டயும் சொல்லாது. பேசாம அடி, ராசா.”

டுவைட் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டான். பந்தை நகர்த்தியதற்குத் தண்டமாகத் தன் கணக்கில் ஓர் அடி கூட்டச் சொன்னான்; கோல்ஃபில் அடி கூடினால் இடம் இறங்கும். நடுவர் தன் வைக்கோல் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். டுவைட் பந்தைப் பழைய இடத்தில் வைத்து ஆடினான். அந்த ஓர் அடியில் பதினோராவது இடத்துக்குப் போனான். கடைசிக் குழியிலும் அது மாறவில்லை; கார்டு போயிற்று.

அதற்குள் செய்தி பரவியிருந்தது; கடைசிக் குழியில் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. ஜெயித்தவனுக்குக்கூட அவ்வளவு கைதட்டல் இல்லை. மெத்தைக் கம்பெனி முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கர்ட் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினான்.

“நீ ஜெயிச்சிருந்தாக்கூட இப்படி வராது, கண்ணா! நேர்மை! மெத்தை விக்க நேர்மைய விட்டா வேற என்ன வேணும்?”

“கார்டு போச்சு, கர்ட்.”

“போகட்டும். முதலாளிகிட்டப் பேசிட்டேன். ரெண்டு வருஷ ஒப்பந்தம். அவர் செல்வாக்குல எல்லாப் போட்டிக்கும் அழைப்பு வாங்கித் தர்றாராம். நீ ஒண்ணே ஒண்ணு செஞ்சாப் போதும். இப்ப டிவில பேட்டி எடுக்கிற பிரின் கேப்பா. அந்த வாக்கியத்த உன் வாயால ஒரு தடவை சொல்லிடு. நீ இதுவரைக்கும் சொன்னதே இல்லன்னு முதலாளிக்கு ஒரு குறை.”

விளக்குகள் எரிந்தன. பிரின் மைக்கோடு வந்து, தலையை அளவாகச் சாய்த்துக்கொண்டாள்.

“டுவைட், யாருமே பார்க்கல. ஆனாலும் சொன்னீங்க. அந்த நேரத்துல மார்னி சொன்ன கடைசி வார்த்தை காதுல கேட்டிருக்கும், இல்ல?”

“கேட்டுச்சு.”

கேமராவுக்குப் பின்னால் கர்ட் இரண்டு கட்டைவிரல்களையும் உயர்த்தினான்.

“எங்களுக்காக ஒரு தடவை சொல்லுங்களேன்.”

டுவைட் தொப்பியைக் கழற்றினான். பக்கவாட்டில் இருந்ததைப் படித்தான். “இது இல்ல” என்றான்.

கர்ட்டின் கட்டைவிரல்கள் இறங்கின. பிரின் சாய்த்த தலையை நிமிர்த்த மறந்துபோனாள்.

“அன்னிக்குக் காலைல வீட்டுக் கம்பளத்துல பந்து உருட்டி விளையாடிட்டிருந்தோம்” என்றான் டுவைட். “தினமும் நடக்கிறதுதான். தோத்தவங்க பாத்திரம் கழுவணும். நான் ஜெயிச்சுட்டதாச் சொன்னேன். அவ பால் வாங்கக் கிளம்பிட்டா. வெளியில ரோடெல்லாம் பனி. முக்குல ஒரு லாரி வந்துச்சு. அது அப்புறம். அதுக்கு முன்னாடி கோட்டை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னா. திரும்பிப் பார்த்தா. சிரிச்சா.”

ஒளிபரப்பை நிறுத்தச் சொல்லி, கர்ட் கையால் கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினான். கேமராக்காரர் அவனைப் பார்க்கவில்லை.

“என்ன சொன்னாங்க?” என்றாள் பிரின். இந்த முறை அவள் குரல் டிவிக் குரலாக இல்லை.

“‘பந்து நகர்ந்துச்சு, டுவைட். நான் பார்த்தேன். பாத்திரம் நீதான் கழுவுற, திருட்டுப் பயலே.’”